எம்4 மேக் மினி: காத்திருந்து வாங்கியதற்குப் பலன் உண்டா?

2024 அக்டோபர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் அறிவித்து, நவம்பர் 8 முதல் விற்பனைக்கு வந்த, எம்4 சிப் கொண்ட மேக் மினி என்ற சிறிய மேசைக் கணினியை, அதற்கு முந்தைய இரண்டு மாடல்களை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டுக் காத்திருந்து வாங்கியவன் நான். ஆகவே கருவி எப்படி இருக்கிறது என்பதோடு, அதற்காகக் காத்திருந்தது சரிதானா என்ற கேள்வியும் இந்த மதிப்புரையில் சேர்ந்தே வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்திருந்தது சரிதான், ஆனால் அதற்குக் காரணம் விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்பட்ட சிப்பின் வேகத்தைவிட, விவரப் பட்டியலில் ஒரே வரியில் அடங்கிவிட்ட 16 ஜிபி நினைவகம் (ரேம்).

நான் மாற்ற நினைத்தது 2018-இல் வந்த இன்டெல் மேக் மினியை. மானிட்டரையும் வேகமான சேமிப்புக் கருவிகளையும் இணைக்கும் நான்கு தண்டர்போல்ட் 3 போர்ட்டுகள், இரண்டு பழைய வகை யூஎஸ்பி போர்ட்டுகள், சற்றுப் பொறுமை இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம் என்று அது தன் காலத்தில் நல்ல கருவியாகவே இருந்தது. கிராஃபிக்ஸ்தான் அதன் பலவீனம். யூஹெச்டி 630 என்ற உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பி 4கே மானிட்டரை இணைத்தால், விண்டோக்களை நகர்த்தும்போதே ஒரு தயக்கம் கண்ணுக்குத் தெரியும். 2020 ஜூனில் இன்டெல் சிப்புகளை விட்டுத் தன் சொந்தச் சிப்புகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தபோதே அந்தக் கணினியின் ஆயுளுக்கு எல்லை குறிக்கப்பட்டுவிட்டது. மாற்றியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை; எப்போது என்பதில்தான் குழப்பம்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த எம்1 மேக் மினி தன் வேகத்தால் எல்லோரையும் வியக்க வைத்தது. ஆனால் தண்டர்போல்ட் போர்ட்டுகள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தன; 2018 மாடலில் 64 ஜிபி வரை போட முடிந்த நினைவகம் இதில் 16 ஜிபியோடு நின்றுவிட்டது; இணைக்கக்கூடிய மானிட்டர்களும் மூன்றிலிருந்து இரண்டாயின. 2023 ஜனவரியில் வந்த எம்2 மாடலில் 24 ஜிபி வரை கேட்டு வாங்க முடிந்தது என்றாலும், தொடக்க மாடல் பழையபடி 8 ஜிபியிலேயே இருந்தது. போதாக்குறைக்கு, கோப்புகளைச் சேமிக்கும் அதன் 256 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டு ஃபிளாஷ் சிப்புகளுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வைத்ததால், கோப்புகளைப் படிக்கும் வேகம் எம்1 மாடலைவிடக் கணிசமாகக் குறைந்துபோனதைப் பல மதிப்பீட்டாளர்கள் அளந்து காட்டினார்கள்.

புதிதாக வருவது பழையதைவிட ஏதோ ஒன்றில் பின்தங்கி நிற்பது மினி வரிசைக்குப் புதிதல்ல. 2012 மாடலில் நான்கு கோர் (சிப்பில் கணக்கிடும் பகுதி) கொண்ட இன்டெல் ஐ7 சிப் கிடைத்தது. அடியில் உள்ள வட்ட மூடியைத் திருகித் திறந்தால் ரேமை நாமே மாற்றிக்கொள்ளலாம். அடுத்த மாடல் வரட்டும் என்று இரண்டு ஆண்டுகள் பொறுத்தவர்களுக்கு 2014 அக்டோபரில் கிடைத்ததோ இரண்டே கோர் கொண்ட, ரேம் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டுவிட்ட மாடல். எல்லாக் கோர்களையும் சேர்த்து உழைக்க வைக்கும் வேலைகளில் பழைய நாற்கோர் மாடலே புதியதை முந்தியது. அதிலும் மனம் நிறையாமல் மேலும் பொறுத்தவர்கள் 2018 அக்டோபர் வரை, அதாவது இன்னும் நான்கு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. பொறுத்தவர் பூமி ஆள்வார் என்ற பழமொழியை எழுதியவர் மேக் மினி வாங்கக் காத்திருந்திருக்க மாட்டார்.

இந்த வரலாற்றை, சிப்புகளின் பெயர்களை ஒதுக்கிவிட்டு, தொடக்க மாடலின் நினைவகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. 2014-இல் 4 ஜிபி, 2018-இல் 8 ஜிபி, 2020-இலும் 2023-இலும் அதே 8 ஜிபி, 2024-இல் 16 ஜிபி. சிப் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. இந்த அடித்தளமோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உயர்கிறது. எம்1 முதல் நினைவகம் சிப்போடு ஒரே பொதியில் வைக்கப்படுவதால், வாங்கும் அன்று எவ்வளவு இருக்கிறதோ கடைசிவரை அவ்வளவுதான். கூடுதலாக வேண்டும் என்றால் வாங்கும்போதே ஆப்பிள் நிர்ணயித்த விலையைக் கொடுத்தாக வேண்டும், அந்த விலை சந்தையில் தனியாகக் கிடைக்கும் ரேமின் விலையோடு எவ்வகையிலும் ஒப்பிடக்கூடியது அல்ல. ஆக, காத்திருப்பதற்கு ஏதாவது பொருள் உண்டென்றால் அது அடித்தளம் உயரும் தருணத்துக்காகத்தான். 2024 ஜூனில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி அறிவிக்கப்பட்டபோது அந்தத் தருணம் நெருங்கிவிட்டது ஓரளவு தெரிந்தது, ஏனெனில் கணினிக்குள்ளேயே இயங்கும் மொழி மாதிரிகளுக்கு நினைவகம் தாராளமாக வேண்டும். அப்படியே நடந்தது. எம்4 மினி மட்டுமல்லாமல், ஏற்கெனவே விற்பனையில் இருந்த எம்2, எம்3 மேக்புக் ஏர்களும் அதே வாரத்தில் 16 ஜிபிக்கு உயர்த்தப்பட்டன. தொடக்க விலை ஏறவில்லை.

இனி கருவிக்கு வருவோம். 19.7 சென்டிமீட்டர் சதுரமாக இருந்த பெட்டி 12.7 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. உயரம் மட்டும் 3.6-இலிருந்து 5 சென்டிமீட்டராகக் கூடியிருக்கிறது. எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் அடாப்டரை வெளியே தொங்கவிடாமல் இந்தச் சிறிய பெட்டிக்குள்ளேயே அடக்கியிருப்பது பாராட்டத்தக்கது. மேசைக்குக் கீழே செல்வது ஒரே ஒரு மெல்லிய மின்கம்பி. பெட்டியைத் தாங்கும் வட்ட அடிப்பாகம் சற்றே உயர்ந்திருக்கிறது, குளிர்ந்த காற்று உள்ளே போவதும் வெப்பக் காற்று வெளியேறுவதும் அந்த இடுக்கின் வழியாகத்தான். இதனால் இதைத் துணி விரித்த இடத்திலோ புத்தகக் குவியலின் மேலோ வைப்பது நல்லதல்ல.

சும்மா இருக்கும்போது எம்4 மினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 4 வாட் என்கிறது ஆப்பிளின் அட்டவணை. 2018 மாடலுக்கு அதே அட்டவணையில் உள்ள எண் 20 வாட். மேசைக் கணினியை இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. அன்றாட வேலைகளில் விசிறியின் ஒலி என் காதுக்கு எட்டுவதே இல்லை.

நினைவகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய ஆக்டிவிட்டி மானிட்டர் செயலியைத் திறந்து, அதில் உள்ள 'மெமரி பிரஷர்' வரைபடத்தைக் கவனிப்பது என் வழக்கம். உலாவியில் முப்பது நாற்பது தாவல்கள், படங்கள் நிறைந்த ஒரு நீண்ட ஆவணம், பின்னணியில் ஒரு வீடியோ அழைப்பு, இவற்றோடு கேமராவின் ரா கோப்புகளைத் திருத்தும் செயலி என்று ஒரு வழக்கமான மாலை நேரச் சுமையை ஏற்றினால், வரைபடம் நெருக்கடி இல்லை என்பதைக் காட்டும் பச்சையிலேயே இருக்கிறது. நினைவகத்திலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றப்பட்ட தரவின் அளவைக் காட்டும் 'ஸ்வாப்' என்ற இடத்தில் சிறிய எண் ஒன்று தோன்றி, பெரிதாக ஏறாமல் நிற்கிறது. பல படங்களை ஒன்றாகத் தைத்து அகலப்படம் உருவாக்கச் சொன்னபோது சிறிது நேரம் மஞ்சளுக்குப் போய், வேலை முடிந்ததும் திரும்பிவிட்டது. இதே சுமையை 8 ஜிபி கொண்ட கணினியில் ஏற்றினால் தொடக்கத்திலேயே மஞ்சள் வந்துவிடும். செயலிவிட்டுச் செயலி மாறும்போதெல்லாம் எஸ்எஸ்டியிலிருந்து தரவைத் திரும்ப எடுத்துவரும் அந்த அரை நொடித் தடுமாற்றம் நாள் முழுக்கத் தொடரும். சிப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்தத் தடுமாற்றத்துக்கு அது மருந்தாகாது. எம்4-இல் பத்துக் கோர்கள் இருக்கின்றன என்பதும், அவற்றில் நான்கு வேகத்துக்கும் ஆறு சிக்கனத்துக்கும் ஆனவை என்பதும் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் வேலையில் நான் உணர்ந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு நினைவகத்துக்கே உரியது.

போர்ட்டுகளில் நல்லதும் உண்டு, எரிச்சலும் உண்டு. முன்பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி-சி, ஒரு ஹெட்போன் துளை. பின்பக்கத்தில் மூன்று தண்டர்போல்ட் 4, ஹெச்டிஎம்ஐ, ஈதர்நெட். முன்பக்க போர்ட்டுகள் மினியில் இதற்கு முன் இல்லாத வசதி. பென் டிரைவ் செருகுவதற்காகப் பெட்டியைத் திருப்பிப் பின்னால் தடவும் வேலை போயிற்று. ஆனால் பழைய வகை யூஎஸ்பி போர்ட் ஒன்றுகூட இல்லை, ஆகவே பழைய விசைப்பலகை, பிரிண்டர், ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் ஒரு ஹப்பையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும். மெமரி கார்டுக்கான துளையும் கிடையாது. மூன்று மானிட்டர்களை இணைக்கும் வசதி மட்டும் எம்4 தொடக்க மாடலுக்கே திரும்பி வந்துவிட்டது.

பவர் பட்டனைப் பற்றிப் பலரும் கேலி செய்துவிட்டார்கள். அது பெட்டியின் அடியில், பின்பக்க மூலையில் இருக்கிறது. அழுத்த வேண்டுமானால் அந்த மூலையைச் சற்றுத் தூக்கி விரலை அடியில் நுழைக்க வேண்டும். கணினியை உறக்கநிலையிலேயே விட்டுவைப்பவருக்கு இது பொருட்டல்ல. ஒவ்வொரு நாளும் அணைத்து மின்சாரத்தையும் நிறுத்துபவருக்கு இது தினசரிச் சலிப்பு. தேவையில்லாத ஒரு குறை என்பதே என் கருத்து.

இன்டெல் மேக்கிலிருந்து வருபவர்கள் இழப்பவற்றையும் சொல்லியாக வேண்டும். பூட் கேம்ப் மூலம் விண்டோஸை நேரடியாக நிறுவிப் பயன்படுத்தும் வழி ஆப்பிளின் சிப்புகளில் இல்லை. வெளியே தனிப் பெட்டியில் கிராஃபிக்ஸ் கார்டு வைத்து 2018 மினியோடு இணைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெட்டி இனி உதவாது. இன்டெலுக்காக எழுதப்பட்ட பழைய செயலிகள் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாக இப்போது நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் அந்த ஏற்பாட்டை வரும் ஆண்டுகளில் சுருக்கப்போவதாக 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது. மறுபுறம், இன்டெலிலேயே தங்குவதிலும் பயனில்லை. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டஹோ 26 இயங்குதளமே இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு, அதிலும் 2018 மினிக்கு இடமில்லை.

எம்4 புரோ மாடலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தண்டர்போல்ட் 5, 64 ஜிபி வரை நினைவகம், தொடக்க மாடலைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான நினைவக வேகம் ஆகியவை வீடியோ தொகுப்பவருக்கும், பெரிய மொழி மாதிரிகளைத் தன் கணினியிலேயே இயக்கிப் பார்ப்பவருக்கும் தேவைப்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல மானிட்டருக்குச் செலவிடலாம்.

அப்படியானால் இன்னும் கணினி மாற்றாதவர் அடுத்ததற்குக் காத்திருக்கலாமா? எம்5 சிப் 2025 அக்டோபரில் முதலில் மடிக்கணினி, ஐபேட், விஷன் புரோ தலையணி ஆகியவற்றில்தான் வந்தது. எம்2-உம் மடிக்கணினிக்கு வந்து அரையாண்டு கழித்தே மினிக்கு வந்தது. எம்3 மினிக்கு வரவே இல்லை. ஆகவே மடிக்கணினியில் வந்துவிட்டது என்பதால் மினியிலும் உடனே வந்துவிடும் என்று நாள் குறிக்க முடியாது. சென்ற தலைமுறைக்கு நான் காத்திருந்ததற்கு அடித்தளம் என்ற காரணம் இருந்தது. அது உயர்ந்துவிட்ட பிறகு அடுத்த சிப்பிடம் எதிர்பார்க்க எஞ்சியிருப்பது வேகம் மட்டுமே. அதோடு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியில் ரேமின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது. காலம் போகப் போகக் கணினி உதிரிகள் மலிவாகும் என்ற பழைய நம்பிக்கையை வைத்துக்கொண்டு இப்போது கணக்குப் போடக்கூடாது. ரேமையும் பிராசசரையும் பின்னர் மாற்றிக்கொள்ளக்கூடிய டவர் வகைக் கணினி வாங்குபவருக்கு இந்தக் கணக்கே வேறு: 2022-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) போன்ற ஒன்றில் இன்று எளிய பிராசசரோடு தொடங்கி, பின்னர் வரும் தலைமுறையை அதே மதர்போர்டில் பொருத்த முடியும்.

மினியில் என்ன அளவு வாங்குவது என்பதற்கு என் பரிந்துரை 16 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கொண்ட தொடக்க மாடல்தான். எம்2 காலத்து ஒற்றைச் சிப் குறை இதில் இல்லை. சேமிப்பிடம் போதவில்லை என்றால் பின்பக்கத் தண்டர்போல்ட் போர்ட்டில் ஒரு வெளி எஸ்எஸ்டியை நிரந்தரமாகச் செருகி, படங்களையும் வீடியோக்களையும் அதில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சேமிப்பகம் தனி அட்டையாகக் கழன்று வரும் வகைதான் என்றாலும், ஆப்பிளுக்கே உரிய வடிவில் இருப்பதால் கடையில் கிடைக்கும் எம்.2 என்ற பொது வடிவ எஸ்எஸ்டி அட்டை அதில் பொருந்தாது. பொருந்தும் அட்டையைத் தேடிப் பிடித்து மாற்றினாலும், கணினியை மீண்டும் உயிர்ப்பிக்க இன்னொரு மேக் தேவைப்படும். மேசையில் இன்னொரு பெட்டியும் கம்பியும் வேண்டாம் என்று நினைப்பவர் 512 ஜிபி மாடலை எடுத்துக்கொள்ளலாம்.