டப்பாவா, குச்சியா? மதுரை வெயிலில் ஒரு மருந்துக் கணக்கு

"அண்ணே, டப்பாவுல விரல விட்டுத் தோண்டுற மருந்து வேணாம்ணே. திருகுனா மேல வர்ற குச்சி இருக்காம்ல, இதே மருந்து அதுல கெடைக்குமா?" மருந்துக் கடையில் இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். உதட்டு பாமில் பழகிய கை படர்தாமரைக்கும் பித்தவெடிப்புக்கும் அதையே தேடுகிறது. கேட்பதில் தப்பில்லை. கை பிசுபிசுக்காது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து கலக்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் இது டப்பாவை மாற்றும் வேலை இல்லை. மருந்தும் சதவீதமும் அதேதான் என்றாலும், அதை எதில் குழைத்திருக்கிறோம் என்பது மாறினால் தோலில் நடக்கும் வேலையும் மாறிவிடும். அதிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், குச்சியைக் குச்சியாகவே நிற்க வைப்பது தனிப் பாடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதடு, ஆணிக்கால், தலைவலிக்கு நெற்றிப்பொட்டு, இந்த மாதிரிச் சின்ன இடத்துக்குக் குச்சி. மற்றதற்கெல்லாம் களிம்புதான்.

கலக்கும் மேசையில்

களிம்பு செய்யப் பெரிய சாமான்கள் வேண்டாம். பழைய கம்பவுண்டர்கள் ஒரு கண்ணாடிப் பலகை, ஸ்பாட்டுலா எனும் தட்டைக் கரண்டி இரண்டு, ஒரு தராசு வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். மருந்துப் பொடியைத் துளி லிக்விட் பாரஃபின் எண்ணெய் விட்டு மையாக இழைக்க வேண்டும். அதன் அளவுக்கே வேஸ்லின் எடுத்துக் குழைக்க வேண்டும். பிறகு அந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு, அதற்குச் சமமாக அடுத்த பங்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறினால் ஒரு மூலையில் மருந்து கட்டியாக நிற்கும், மறுமூலையில் வெறும் வேஸ்லின் இருக்கும். சாலிசிலிக் அமிலத்துக்கு இரும்பு ஸ்பாட்டுலா ஆகாது. இரும்போடு சேர்ந்தால் களிம்பு நிறம் மாறிப்போகும்.

குச்சிக்கு அடுப்பு வேண்டும், அச்சு வேண்டும், ஊற்றுகிறவருக்கு நிதானம் வேண்டும். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, மருந்தைக் கலந்து, உறையப் போகும் நேரம் பார்த்து ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் துத்தநாக ஆக்சைடு போன்ற கனமான பொடி அடியில் படிந்துவிடும். அப்படிப் படிந்த குச்சியில் மேல்பாதி வெறும் மெழுகு, கீழ்ப்பாதி முழுக்க மருந்து. வாங்கியவர் முதல் வாரம் மெழுகைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பார். ஆறவிட்டு ஊற்றினாலோ வரிவரியாக உறையும். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும் என்பதால் விளிம்புக்கு மேலேயே நிரப்பிவிட்டு, பிறகு வழித்தெடுக்க வேண்டும்.

இதில் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. களிம்பு எடைக்கணக்கு, தராசு சொல்வதுதான் சட்டம். குச்சியிலோ அச்சின் கொள்ளளவு குறுக்கே வரும். வெறும் மெழுகு 5 கிராம் பிடிக்கும் அச்சில் பத்துக் குச்சி வேண்டும் என்று 10 சதவீதத் துத்தநாக ஆக்சைடு சேர்த்து 50 கிராம் கலவை தயாரித்தால் ஒன்பது அச்சுதான் நிரம்பும். பொடி மெழுகைவிடப் பல மடங்கு கனம். எடை கூடுகிற அளவுக்கு இடம் அடைக்காது. ஒவ்வொரு அச்சும் 5.4 கிராமுக்கு மேல் குடிக்கும். பத்தாவது குச்சி குட்டையாக நிற்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. அதனால்தான் மருந்து சேர்க்காத வெறும் குச்சி ஒன்றை முதலில் ஊற்றி எடை பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

வெயிலின் தீர்ப்பு

களிம்பின் முதுகெலும்பு வேஸ்லின். அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ 1872இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை அதை ஓரங்கட்ட ஆள் வரவில்லை. 38 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் ரகங்களும் அதில் உண்டு. மே மாத மத்தியானம் திருமங்கலம் ரோட்டில் பைக் பெட்டிக்குள் கிடந்த டப்பாவைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதப்பது இதனால்தான். அதற்குக் கைவசம் இருக்கும் வைத்தியம் தேன்மெழுகு. அது உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். அமெரிக்க மருந்து நூலின் வெள்ளைக் களிம்பில் வேஸ்லின் 95 பங்குக்கு மெழுகு 5 பங்கு. நம்மூர் வெயிலுக்கு மெழுகை இன்னும் கொஞ்சம் ஏற்றினாலும் களிம்பு கெட்டுவிடாது, சற்று இறுகும், அவ்வளவுதான். இளகிப் போனாலும் மருந்து டப்பாவுக்குள்ளேயேதானே இருக்கிறது? ஆறியபின் குழைத்துக்கொள்ளலாம். பொடி கலந்ததென்றால் அடியில் தங்கியிருக்கும். நன்றாகக் கிளறிய பிறகே தொட வேண்டும்.

குச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. தோலின் மேற்பரப்புச் சூடு 32 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டிலும் உரசலிலும் மெல்லிய படலமாக இறங்க வேண்டும், ஆனால் 40 டிகிரி அறையில் நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். குளிர் தேசத்துக் குறிப்பில் கோகோ வெண்ணெய் தாராளமாக இருக்கும். அது 34 டிகிரிக்கெல்லாம் உருகிவிடும். அந்தக் குறிப்பை அப்படியே இங்கே செய்தால் வைகாசியில் குச்சி குழாய்க்குள் கஞ்சியாகிவிடும். கார்னாபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும்; அதைச் சிறிதளவு சேர்த்தால் குச்சி நிற்கும். கொஞ்சம் கூடிப்போனால் தோலை இழுக்கும், வெடிப்பு உள்ள குதிகாலில் வலிக்கும், மருந்தும் மெழுகைவிட்டு வெளியே வராது. இந்த இடைவெளி ரொம்பக் குறுகலானது. ஏசி அறையில் வேலை பார்க்கிறவருக்குச் சரியாக வரும் குச்சி மேலூர் வயலில் நிற்கிறவருக்குச் சரிவராது.

மெழுகு இல்லாத குச்சியும் உண்டு. மேக்ரோகால் (பாலி எத்திலீன் கிளைக்கால்) என்கிற, தண்ணீரில் கரையும் செயற்கைப் பொருளில் திரவ ரகமும் திட ரகமும் இருக்கின்றன. மூலக்கூறு எடை எண் 400 என்றால் திரவம், 3350 என்றால் திடம். திரவம் ஆறு பங்குக்குத் திடம் நாலு பங்கு என்று கலந்தால் களிம்பு. திடத்தை ஏற்றினால் குச்சி. திடம் உருக 50 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வெயிலுக்கு ஓரளவு தாங்கும். சாலிசிலிக் அமிலம் இதில் கரைந்தே போகும், வேஸ்லினில் போல மணல் மணலாக நெருடாது. மருந்தைத் தோலுக்கு விட்டுக்கொடுப்பதிலும் மெழுகைவிட இது தாராளம். குறை என்னவென்றால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் மூடியைச் சரியாகப் போடாவிட்டால் வியர்த்து நிற்கும். தண்ணீர் பட்டால் கழுவிக்கொண்டும் போய்விடும்.

கழுவிப்போவது சில இடங்களில் வரம். வியர்வை ஊறும் இடுப்பு மடிப்பில் படர்தாமரைக்கு வேஸ்லின் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பென்சாயிக் அமிலம் 6, சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம் சேர்ந்த விட்ஃபீல்டு களிம்பை மேக்ரோகாலில் செய்யச் சொல்லும் குறிப்பு இருப்பதற்கு ஒரு நியாயம் இதுதான். அதையே நடவு வயலில் சேற்றுக்குள் நிற்கிற காலில் பூசினால் பத்து நிமிஷத்தில் வாய்க்காலோடு போய்விடும். சேற்றுப்புண்ணுக்கு மருந்தை இரவில், கால் கழுவித் துடைத்த பிறகு போட வேண்டும். காலையில் வயலுக்கு இறங்குமுன் காவலுக்கு வெறும் வேஸ்லின் பூசலாம். ஒரே காலுக்கு ஒரே நாளில் இரண்டு வேறு அடிப்பொருள்.

புதினா உப்பின் சேட்டை

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகத்தான் கட்டித் தருவார்கள். காரணம் இருக்கிறது. மூன்றும் தனித்தனியே திடப்பொருள். ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மாதிரி இளகிவிடும். ஒன்றின் உருகுநிலையை மற்றது இறக்கிவிடுவதால் வரும் வேலை இது. களிம்பு செய்கிறவருக்கு இது கொண்டாட்டம். பொடிக்க வேண்டாம், இழைக்க வேண்டாம், இளகிய எண்ணெயை வெதுவெதுப்பான வேஸ்லினில் விட்டு மூடிவைத்தால் முடிந்தது.

குச்சிக்காரருக்கு இதே சேட்டை இரட்டைத் தலைவலி. அந்த எண்ணெய் மெழுகையும் இளக்கும், அதனால் மெழுகைக் கூட்ட வேண்டும். மெழுகு கூடினால் உருக்கும் சூடு கூடும், சூடு கூடினால் மணம் ஆவியாகப் பறக்கும். செய்து முடித்த குச்சியில் எழுதியிருக்கிற அளவு இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனாலும் பயன்படுத்துகிறவருக்கு நான் இங்கே குச்சியைத்தான் சொல்வேன். தைலம் தொட்ட விரலைக் கண்ணில் வைத்துக்கொண்டு கதறாத வீடு உண்டா? குச்சியில் அந்த வம்பு இல்லை. செய்பவருக்குக் கஷ்டம், பூசுபவருக்குச் சுகம். செய்கிறவர் கஷ்டப்படட்டும்.

அளவு என்று வந்தால்

களிம்புக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனி முதல் முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவர் ஒருவரின், விரல்களையும் சேர்த்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். தோல் மருத்துவர்கள் 1991 முதல் சொல்லிவரும் அளவு இது. குச்சியில் இப்படி எதுவும் கிடையாது. அழுத்தித் தேய்த்தால் ஒரு அளவு, தடவிவிட்டால் ஒரு அளவு, வெயில் நாளில் இன்னொரு அளவு. அளவு பிசகினால் ஆபத்தான மருந்தைக் குச்சியில் போடவே கூடாது. ஸ்டீராய்டு அதில் முதலாவது. படைக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த கிரீமை எடுத்து நீட்டும் வழக்கத்தால் ஏற்கெனவே எத்தனையோ பேருக்குத் தோல் மெலிந்து, படை முற்றிப்போயிருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு பிடியை இறுக்கியது இதற்காகத்தான். பையில் போட்டு நினைத்தபோதெல்லாம் தேய்க்கும் வடிவம் அதற்கு வேண்டவே வேண்டாம்.

சிரங்கில் பேச்சுக்கே இடமில்லை. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்கே ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். ஐந்து கிராம் குச்சி ஆறு! அதையும் ஒருவர் தேய்த்ததை அடுத்தவர் தேய்த்தால் வைத்தியமே தொற்றாகிவிடும். சலூனில் கன்னத்துக்குக் கன்னம் போகும் படிகாரக் கட்டிக்கும் இதே புகார்தான். இரத்தம் பட்ட பொருள் இன்னொரு முகத்துக்குப் போகக் கூடாது. படிகாரம் வேண்டுமென்றால் வீட்டில் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த புண்ணிலும் குச்சியை உரசக் கூடாது. குங்கிலியத்தை நல்லெண்ணெயில் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கடைந்தெடுக்கிற குங்கிலிய வெண்ணெய், சித்த வைத்தியர்கள் தரும் பழைய களிம்பு. அது வெண்ணெய்ப் பதத்தில் இருப்பது வீணாக இல்லை. துணியில் தடவிப் புண்மேல் போடலாம், எரிந்த தோலைத் தேய்க்க வேண்டியதில்லை.

ஆணிக்காலில் மட்டும் குச்சி கெலிக்கும். சாலிசிலிக் அமிலம் கெட்டித்தோலைக் கரைக்கிறது, பக்கத்து நல்ல தோலையும் விடாது. களிம்பு வழிந்து பரவும். மேக்ரோகால் குச்சியின் முனை ஆணியின் மேல் மட்டும் உட்காரும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் காலில் இதை யாரும் தாமாக வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் தோல் வெந்தாலும் வலி தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். சிறு குழந்தைக்கு அகலமாகப் பூசுவதும் கூடாது, அமிலம் தோல் வழியே இரத்தத்தில் ஏறும்.

உதட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாக்குப் படும் இடம், தடித்துப் பூச முடியாத இடம், அடிக்கடி பூச வேண்டிய இடம். குச்சிக்கென்றே செய்து வைத்தது போல. ஆளுக்கொரு குச்சி என்பது மட்டும் இங்கேயும் உண்டு.

கண் இமைக்கு மருந்து கலந்து தரச் சொல்லி யாராவது கேட்டால் களிம்பும் இல்லை, குச்சியும் இல்லை. கண்ணுக்கான களிம்பு கிருமி நீக்கிய அறையில், அதற்கென்றே வடிகட்டிய அடிப்பொருளில் செய்ய வேண்டியது. கண்ணாடிப் பலகையில் குழைக்கும் சமாசாரமே இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் இருக்கிற ஊர் இது. அண்ணா நகருக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும்.