கிருஷ்ணகிரி மாம்பழச் சந்தை ஆய்வு: கேட்டறிவதா, விற்பனையைப் பதிவதா?

கிருஷ்ணகிரியில் மாம்பழம் வாங்குவோரின் விருப்பத்தை ஆராய முனையும் மாணவருக்கு இரண்டு வழிகள் உண்டு. பழங்களின் விவரம் எழுதிய அட்டைகளைக் காட்டி எதை வாங்குவீர்கள் என்று கேட்கலாம். அல்லது கடைகளில் நடக்கும் விற்பனையைப் பதிவு செய்யலாம். வாங்கும் செயலே விருப்பத்தை வெளிப்படுத்தும் என்று 1938-இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் முன்வைத்த கருத்து இரண்டாவதற்கு அடிப்படை.

பணம் கைமாறியிருப்பதால் விற்பனைப் பதிவுக்கு நம்பகத்தன்மை மிகுதி. ஆனால் மாமரம் ஓர் ஆண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு குறைவாகவும் காய்க்கும் இயல்புடையது. ஆகவே ஒரே பருவத்தின் பதிவைக் கொண்டு செந்தூராவைவிடப் பங்கனப்பள்ளியையே மக்கள் விரும்புகிறார்கள் என்று முடிவு செய்தால், நாம் அளந்தது விருப்பத்தையா, வரத்தையா என்பது விளங்காது.

கேட்டறியும் வழியில் இச்சிக்கல் இல்லை. இரகம், விலை, அளவு, பழுக்கவைத்த முறை ஆகிய 4 கூறுகளுக்கும் மும்மூன்று நிலைகள் வைத்தால் 81 சேர்க்கைகள் வரும். அத்தனையையும் ஒருவரிடம் காட்டுவது இயலாத செயல். 1940-களில் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் அறிமுகப்படுத்திய செங்குத்து அணிகளைக் (எந்த இரு கூறுகளை எடுத்தாலும் அவற்றின் நிலைகள் சம எண்ணிக்கையில் சேர்ந்து வருமாறு அமைத்த அட்டவணைகளை) கொண்டு அவற்றை 9 அட்டைகளாகச் சுருக்கலாம். கூறுகள் ஒன்றையொன்று பாதிக்கும் விதம் மட்டும் அதில் தனித்துப் புலப்படாது. இயற்கையாகப் பழுத்ததற்குக் கூடுதல் விலை தருவோம் என்று சொல்வது எளிது, தருவது அரிது என்பதையும் மறக்கலாகாது.

கூழ் ஆலைகளுக்குப் பெருமளவில் செல்லும் பெங்களூரா இரகத்துக்கு விற்பனைப் பதிவே பொருத்தம். வீட்டுக்கு வாங்கும் பழங்களுக்கு அட்டை முறையில் தொடங்கி, அம்முடிவை இரு பருவ விற்பனையுடன் ஒப்பிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.