உருளைக்கிழங்குக்கு டென்சியோமீட்டர் வாங்கலாமா? நாலஞ்சு வருஷம் வச்சிருந்தவன் சொல்றேன்

கோத்தகிரி பக்கம் இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் இந்த நீர்போகத்துக்கு (பாசனத்த நம்பி போடற போகம்) டென்சியோமீட்டர் வாங்கலாமான்னு கேட்டாரு. அது தண்ணி நெரப்பி மண்ணுல நடற ஒரு குழாய்; மண்ணு காயக் காய உள்ள இருக்கற தண்ணிய இழுக்கும், அந்த இழுப்ப மேல இருக்கற கேஜ் முள்ளு காட்டும், நம்பர் ஏறினா மண்ணு காயுதுன்னு அர்த்தம். போன உறைபனில போன கேஜை மாத்தி காசு குடுத்துட்டு வந்த அன்னிக்குன்னு பாத்து கேட்டாரு, அதனால கொஞ்சம் சூடாத்தான் எழுதறேன், பொறுத்துக்கோங்க. உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சு போனா அதுக்கு வாரண்டி கிடையாதாம், வித்த கடைல சொல்லிட்டாங்க.

என் தோட்டம் ஊட்டி பக்கம், செம்மண்ணு, குஃப்ரி ஜோதி ரக உருளை, ஸ்பிரிங்ளர் பாசனம். பார் (மண்ண அணைச்சுக் கட்டின மேடு) மேல செடிக்கும் செடிக்கும் நடுவுல 15 செ.மீ. ஆழத்துல ஒண்ணு, 30 செ.மீ.ல ஒண்ணு நட்டிருக்கேன்.

என் எரிச்சல் எல்லாம் காத்துக் குமிழி மேலதான். காலைல போய் மூடியத் திறந்து, கொதிக்க வச்சு ஆறின தண்ணிய ஊத்தி, கைப்பம்பு வச்சு இழுத்தா அடியிலேர்ந்து சோடா பாட்டில் மாதிரி பொடிப்பொடியா ஏறும், குழாய விரலால தட்டித்தட்டி அதெல்லாம் மேல வர்ற வரைக்கும் நிக்கணும். மார்ச் மாசம் ரெண்டு நாள் நல்ல வெயில் அடிச்சா போதும், திரும்பவும் இதே கதை.

இதுக்குக் காரணம் நம்ம உயரம். இந்தக் கருவி காத்தழுத்தத்த நம்பி வேலை செய்யற சாமான், கடல்மட்டத்துல 80, 85 கிலோபாஸ்கல் (அழுத்தத்த அளக்கற அளவு, முள்ளு காட்டறதும் இதுலதான்) வரைக்கும் தாக்குப்பிடிக்கும், ஆனா 2,200 மீட்டர்ல காத்தழுத்தமே 77 கிட்டதான் இருக்கு, அதனால இங்க 60ஐத் தொடறதுக்குள்ளயே உள்ள தண்ணி அறுந்து காத்து புகுந்துடும், முள்ளு சரசரன்னு பூஜ்ஜியத்துக்கு இறங்கிடும். பூஜ்ஜியம்னா மண்ணு சொதசொதன்னு இருக்குன்னு அர்த்தம். காஞ்சு கெடக்கற மண்ணப் பாத்து ஈரமா இருக்குன்னு சொல்லுது! புதுசா வாங்கினவன் அத நம்பி மோட்டாரையே போடாம விட்டா பயிர் என்ன ஆகும்? கூட வந்த பேப்பர்ல உயரத்தப் பத்தி ஒரு வரி கிடையாது. மலைல இருக்கறவங்களுக்கு விக்கும்போது இத சொல்லணுமா வேணாமா?

சரி, நியாயமாவும் பேசணும். உருளைக்கு 60 வரைக்கும் காய விடவே கூடாது. வேர்ல முக்காவாசி மேல் 30 செ.மீ.க்குள்ளதான், மண்ணு பிடிச்சு வச்ச தண்ணில மூணுல ஒரு பங்கு போனதுமே பயிர் கேக்க ஆரம்பிச்சிடும். நான் 15 செ.மீ. முள்ளு 30 கிட்ட வந்தா தண்ணி விடறேன், அந்த அளவுக்குள்ள கருவி துல்லியமாத்தான் காட்டுது. பார் மேல வெளுத்துப் போய் வெடிச்சு இருக்கும், பாத்தா மனசு அடிச்சுக்கும், ஆனா 30 செ.மீ. முள்ளு 10ல நிக்கும். அன்னிக்கு தண்ணி விட்டா அடிமண்ணுல சேறுதான், கிழங்குத் தோல்ல வெள்ளைப் புள்ளியா புடைச்சு அது வழியா அழுகல் ஏறும். வாரம் ஒரு தண்ணின்னு கண்ண மூடிட்டு விட்டா இது தெரியவே தெரியாது.

நான் எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு இருக்கு. சும்மா பக்கத்துல 10 செ.மீ.ல ஒரு மண் தெர்மாமீட்டர் சொருகி வச்சேன். செடி இன்னும் பார மூடாத நேரம், உச்சி வெயில்ல காஞ்ச பாருக்கும் ஈரப் பாருக்கும் மூணு நாலு டிகிரி வித்தியாசம் வருதுங்க! கிழங்கு பிடிக்க மண்ணு 15லேர்ந்து 20 டிகிரிக்குள்ள இருந்தா சுகம், 30 கிட்ட போயிட்டா பிடிக்கறதே நின்னுடும். வடக்க குளிர்காலத்துலயே போகம் முடிஞ்சிடும், நம்ம நீர்போகம் ஜனவரி பிப்ரவரில போட்டு நேரா கோடைக்குள்ள நுழையுது, அதனால நம்ம விடற தண்ணி மண்ண குளிர வைக்கற வேலையும் சேத்துதான் செய்யுது. பிஞ்சு பிடிக்கற அந்த சில வாரம் ஈரம் சீரா இருந்தா கிழங்குத் தோல்ல வர்ற சொறி நோயும் கம்மி. காய விட்டு அப்புறம் ஒரேடியா ஊத்தினா கிழங்குல மூக்கு மூக்கா பிதுங்கும், இல்ல வெடிக்கும், மண்டில அதுக்கு என்ன விலை போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். முள்ளப் பாத்து தண்ணி விட ஆரம்பிச்சதுலேர்ந்து என் கழிவுக் குவியல் கண்ணுக்குத் தெரிஞ்சே சிறுசாயிடுச்சு, இத மறைக்க மாட்டேன்.

இவ்வளவு சொல்லிட்டும், வாங்கலாமான்னா இன்னிக்கு என் பதில் வேணாம்ங்கறதுதான். காலங்காத்தால குமிழி தட்ட ஆள் இல்லாத தோட்டத்துக்கு இது சரிப்படாது, பனிக்கு முன்னாடி பிடுங்கி வீட்டுல வைக்கவும் ஞாபகம் இருக்கணும். அந்த காசுக்கு நல்ல தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஈரத்த மண்வெட்டில ஒரு சாண் தோண்டி கைல பிடிச்சுப் பாருங்க. அப்படியும் ஆசையா இருந்தா என்னோட 30 செ.மீ. கருவிய வந்து எடுத்துட்டுப் போங்க, 15 செ.மீ. கருவிய மட்டும் கேக்காதீங்க, அது இல்லாம நான் நீர்போகம் போட மாட்டேன்.