சிவிக் ஆன்லைன் ரீசனிங் பாடங்கள்: பி.எட். வகுப்பில் எடுத்துப் பார்த்ததில்

சமூக அறிவியல் ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் செய்தியைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க உருப்படியான பாடம் ஏதாவது உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சிவிக் ஆன்லைன் ரீசனிங் பாடங்களைத்தான், இணையத்தில் பார்ப்பதை நம்பலாமா என்று சோதிக்கப் பழக்குபவை இவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு உருவாக்கியது, இப்போது டிஜிட்டல் இன்குயரி குரூப் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. காசு கிடையாது. பாடக்குறிப்பு, மாணவர் பயிற்சித்தாள் எல்லாம் கிடைக்கும்.

நான் முதலில் எடுத்தது டெய்சிப் பூ படம். கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டு பூத்த பூக்கள், ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தால் இப்படி ஆனது என்று ஒரு தலைப்பு. இது வலுவான ஆதாரமா? அவ்வளவுதான் கேள்வி. என் வகுப்பில் எல்லோரும் பட்டதாரிகள். கதிர்வீச்சு செடியை என்ன செய்யும் என்று மளமளவென எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "மேடம், இது புகுஷிமாலதான் எடுத்ததுன்னு யார் சொன்னா?" என்றாள். எழுதிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. 2016-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு அறிக்கைப்படி, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இதே படத்தை வலுவான ஆதாரம் என்றிருக்கிறார்கள்.

பாடங்கள் மூன்று கேள்விகளைச் சுற்றியே வருகின்றன: இதைச் சொல்வது யார், ஆதாரம் என்ன, மற்ற இடங்களில் என்ன சொல்கிறார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது பக்கவாட்டு வாசிப்பு, அதாவது தெரியாத தளத்துக்குப் போனால் அங்கேயே உட்கார்ந்து படிக்காமல் உடனே வேறு டேப் திறந்து அதை நடத்துகிறவர் யார் என்று தேடுவது. அந்த ஸ்டான்ஃபோர்டு குழுவின் ஆய்வாளர்களான சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை இணையத்தில் தேடவிட்டுப் பார்த்தார்கள். லோகோவையும் பக்க அழகையும் பார்த்து வரலாற்று அறிஞர்களே பலமுறை ஏமாந்தார்கள், சரிபார்ப்பாளர்கள் சட்டென்று பக்கத்தை விட்டு வெளியேறித் தேடினார்கள். வரலாறு படித்த நமக்கு இது உறைக்க வேண்டும். ஆவணத்தை வரிவரியாகப் படி என்றே பழகியவர்கள் நாம், இணையத்திலோ முதலில் அதை விட்டு வெளியே வரத் தெரிய வேண்டும்.

குறை என்றால், உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை, பாடங்களும் ஆங்கிலத்தில். நம் பிள்ளைகளுக்குச் செய்தி வருவது வாட்ஸ்அப் ஃபார்வர்டாக, யார் எடுத்தது என்றே தெரியாத வீடியோவாக. அதனால் அப்படியே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, உதாரணங்களை நாம்தான் தேட வேண்டும். பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் வீடியோக்கள் பரவின, அவை பொய்யான தகவலோடு பரப்பப்பட்டவை என்று தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. அதை வைத்து ஒன்பதாம் வகுப்புக்கு லெசன் பிளான் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் "வதந்திகளை நம்பக் கூடாது" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதோடு முடித்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்து, பிள்ளைகள் கையால் தேடுகிற மாதிரி மறுபடி எழுத வைத்தேன்.

எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: விளக்கம் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டாதீர்கள். பயிற்சி ஆசிரியர் தானே ஒருமுறை ஏமாந்து பார்க்கட்டும். ஒரே வகுப்பில் முடித்துவிடவும் கூடாது, எனக்கு ஒரு மாதம் ஆனது.

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் இன்டர்ன்ஷிப் போன பள்ளியிலிருந்து போன் செய்தாள். "மேடம், ஒரு பையன் 'இது எங்கப்பா அனுப்பினது, அப்ப அவரு பொய் சொல்றாரா'ன்னு கேட்டு அழுதுட்டான். என்ன சொல்லட்டும்?" அப்பாவும் யாரோ அனுப்பியதை நம்பித்தான் அனுப்பியிருப்பார், வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பாருங்கள் என்று சொல்லச் சொன்னேன்.