நாலு வருஷமா ஹெச்பி5 ஃபிலிம்ல பூ எடுக்குறேன்: என் அனுபவம்

இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ், 35 எம்எம், ஐஎஸ்ஓ 400 (இந்த நம்பர் கூடக் கூட கம்மி வெளிச்சமே போதும்). நாலு வருஷமா இந்த ஒரு கருப்பு வெள்ளை ஃபிலிம்தான். நிக்கான் எஃப்எம்2 கேமரா, 50 எம்எம் லென்ஸ், பூவ ரொம்பக் கிட்டப் போய் எடுக்க நடுவுல ஒரு எக்ஸ்டென்ஷன் ட்யூப். எடுக்குறது பெரும்பாலும் எங்க மாடித் தொட்டியில பூக்குறததான்.

முதல் ரோல பாத்தப்ப மனசே விட்டுப் போச்சு. சிவப்புச் செம்பருத்திய ஆசை ஆசையா எடுத்திருந்தேன், பாத்தா பூவும் இலையும் ஒரே சாம்பல், எது எங்க முடியுதுன்னே தெரியல. நம்ம கண்ணு சிவப்பு, பச்சைன்னு பிரிச்சுக்குது, ஃபிலிமுக்கு வெளிச்சம் மட்டும்தான் கணக்கு, ரெண்டும் ஒரே அளவு வெளிச்சத்த அனுப்புனா ரெண்டும் ஒண்ணுதான். அதனால ஃபிலிம் வாங்கும்போதே ஃபில்டரும் வாங்கிடுங்க, லென்ஸ் முன்னாடி மாட்டுற கலர் கண்ணாடி, தன் நிறத்த உள்ள விட்டு மத்ததத் தடுக்கும்.

25ஆம் நம்பர் சிவப்பு ஃபில்டர் 3 ஸ்டாப் வெளிச்சத்த எடுத்துக்கும் (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதியாகும்). செம்பருத்தி பளீர்னு வெள்ளையாகும், இலை கருத்துடும், ஆனா இதழ்ல இருக்குற நரம்பெல்லாம் காணாமப் போயிடும். எனக்குப் புடிச்சது 11ஆம் நம்பர் பச்சை, 2 ஸ்டாப். இதழ் கருகருன்னு வெல்வெட் மாதிரி இறங்கி, நடுத்தண்டுல இருக்குற மகரந்தம் மட்டும் பொட்டுப் பொட்டா நிக்கும் பாருங்க, அதுக்காகவே இத்தனை வருஷமா எடுக்கலாம்.

வெள்ளைப் பூவுக்கு ஃபில்டரே வேணாம். நந்தியாவட்டைய ஃப்ரேம் நிறைய வெச்சு கேமராவோட வெளிச்ச மீட்டர் சொல்றபடியே எடுத்தா அழுக்கு வேட்டி மாதிரி வரும், நான் ஒன்றரை ஸ்டாப் கூட்டிப்பேன். நேர் வெயில்ல எடுக்காதீங்க, மேகமூட்டம்தான் நல்லது. 1925ல அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் இமோஜென் கன்னிங்ஹாம் எடுத்த மக்னோலியா பூ படத்த ஒரு தடவை தேடிப் பாருங்க, சின்னப் பசங்கள வளத்துக்கிட்டே வீட்டுத் தோட்டத்துப் பூவ எடுத்தவங்க அவங்க. அந்த வெள்ளை இதழ்ல எத்தனை சாம்பல் இருக்குன்னு எண்ணிப் பாத்தாலே நமக்கு ஒரு பாடம்.

குறைன்னா கிரெய்ன்தான், படத்துல தெரியுற பொடிப் பொடிப் புள்ளி, வழவழன்னு இருக்குற இதழ்ல நல்லாவே தெரியும். இல்ஃபோர்டோட இன்னொரு ஃபிலிம், 125 ஐஎஸ்ஓ எஃப்பி4, இதவிட நைஸா இருக்கும், ஆனா ட்யூப், பச்சை ஃபில்டர், எஃப்11னு சின்னதாக்குன லென்ஸ் துளை மூணும் சேந்தா காலை நிழல்ல 400க்கே 1/8 செகண்டு பக்கம் போயிடுது, அதுல காத்து வேற. ட்ரைபாட் கட்டாயம், இருந்தும் பூ ஆடாம நிக்குறதுக்காக பத்து நிமிஷம் மூச்சப் புடிச்சு உக்காந்திருக்கேன்.

ரெண்டாவது வருஷம் ஒரு லேப்ல குடுத்த ரோல் முழுக்க கீறலா வந்துச்சு, ரொம்ப வலிச்சுது, அப்புறம் வீட்லயே கழுவ ஆரம்பிச்சேன். ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக், அதாவது மேல தண்ணி கலக்காம, 20 டிகிரில ஏழரை நிமிஷம். நம்ம ஊரு குழாய்த் தண்ணி கோடையில 30ஐத் தாண்டும், அதனால டெவலப்பர் பாட்டில ஐஸ் தண்ணி வாளியில வெச்சு தெர்மாமீட்டர் பாத்துதான் ஊத்தணும், இத மட்டும் அவசரப்பட்டு செய்யாதீங்க.

36 ஷாட்ல மூணு தேறும் எனக்கு. அது போதும், இந்த ஃபிலிம விடுறதா இல்ல. அடுத்த ரோல் முழுக்க ஒத்தை நந்தியாவட்டை மொட்டு, விரியுறதுக்கு முன்னாடி திருகி வெச்ச மாதிரி இருக்குமே, அது.