பாலூட்டிகளின் தாய்வழி முதலீடு: ஓர் இணையவழிப் பாடத்தொடர் பற்றிய மதிப்பீடு

பாலூட்டி இனங்களில் தாய் தன் குட்டிக்காகச் செலவிடும் பால், காலம், உழைப்பு ஆகியவை அடங்கிய ‘தாய்வழி முதலீடு’ இனத்துக்கு இனம் ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்த இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகப் பார்த்து முடித்தேன். விலங்கியலை முறையாகப் பயிலாதவர்களும் தொடர்ந்து செல்லக்கூடிய எளிமை அதில் இருக்கிறது. பாடங்களின் தரம்தான் ஒரே சீராக இல்லை.

பாலைப் பற்றிய பகுதியே தொடரின் உச்சம். ஹூடட் சீல் என்னும் கடல்நாய் மிதக்கும் பனிப்பாளங்களின் மீது ஈன்று, குட்டிக்கு ஏறத்தாழ நான்கே நாட்கள்தான் பாலூட்டுகிறது. அந்தப் பாலில் கொழுப்பு மட்டுமே 60 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பதால், குட்டி நாளொன்றுக்குச் சுமார் 7 கிலோ எடை கூடி, பால் மறக்கும்போது பிறந்த எடையைப் போல இருமடங்காகிவிடுகிறது. ஒராங்குட்டானோ, நீர்த்த பாலை எட்டு ஆண்டுகள் வரையிலும்கூடக் கொடுக்கக்கூடும். எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய பனியின் மேல் வாழும் தாய்க்கு அவசரம் தேவைப்படுகிறது. பழங்கள் நிச்சயமில்லாத காட்டில், மெதுவாக வளரும் குட்டியைச் சுமந்து திரியும் தாய்க்கு நீண்ட காலம் தேவைப்படுகிறது. இந்த ஒப்பீட்டை ஆசிரியர் பொறுமையாக விரித்துச் சொல்லும் விதம் பாராட்டுக்குரியது. செங்கங்காருவின் பாடமும் நன்று: 33 நாள் கருவில் இருந்து ஒரு கிராமுக்கும் குறைவான எடையோடு பிறக்கும் குட்டி பையில் ஒரு காம்பைப் பற்றியிருக்க, பையை விட்டு வெளியேறிவிட்ட மூத்த குட்டி வேறொரு காம்பில் வேறு வகைப் பால் குடிப்பதை அசைவுப்படங்கள் தெளிவாக விளக்குகின்றன.

முயலின் பாடத்தில்தான் எனக்கு முதல் மனக்குறை. தாய்முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடங்களே, வளைக்குச் சென்று பாலூட்டுகிறது. மர மூஞ்சூறு இரண்டு நாட்களுக்கு ஒரு முறைதான் குட்டிகளைப் பார்க்கிறது. அடிக்கடி போய்வந்தால் வளை இருக்குமிடம் வேட்டை விலங்குகளுக்குத் தெரிந்துவிடும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். அதைச் சொன்ன அதே குரல், அடுத்த வரியிலேயே இவற்றை ‘அக்கறையற்ற தாய்கள்’ என்று வருணிப்பது பொருத்தமாக இல்லை.

இச்சறுக்கலுக்குக் காரணம் பாடங்களின் வரிசை என்று நினைக்கிறேன். ஒரு குட்டிக்குச் செய்யும் செலவு, பிற குட்டிகளுக்குச் செலவிடத் தாய்க்கு இருக்கும் திறனை எவ்வளவு குறைக்கிறது என்பதே முதலீட்டின் அளவுகோல் என்று பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1972இல் வரையறுத்தார். பாலின் அளவோ பாலூட்டும் நாட்களின் எண்ணிக்கையோ தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டிய இந்த வரையறை கடைசிக்கு முந்தைய பாடத்தில்தான் தலைகாட்டுகிறது.

ஆண் குட்டி, பெண் குட்டி பற்றிய பாடம் இன்னும் கவனமாகத் தயாரிக்கப்பட்டிருக்கலாம். நல்ல உடல்நிலையில் உள்ள தாய் மகன்களை அதிகம் ஈனக்கூடும் என்று டிரிவர்ஸும் வில்லர்டும் 1973இல் முன்வைத்த கருத்தையும், ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்களில் கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் மேல்நிலைப் பெண்மான்கள் அவ்வாறே மகன்களை மிகுதியாக ஈன்றதையும் காட்டிவிட்டு, பாலூட்டிகள் அனைத்துக்குமான விதியைப் போலப் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். அதே தீவில் மான்களின் அடர்த்தி கூடியபோது அந்தப் போக்கு மறைந்துபோனதும், பிற இனங்களில் முடிவுகள் முரண்பட்டே வந்திருப்பதும் சொல்லப்படவில்லை. பால் மறக்கடிக்கும் காலத்தில் தாய்க்கும் குட்டிக்கும் இடையே எழும் இழுபறிக்கோ சில நிமிடங்களே கிடைத்திருக்கின்றன.

பாடத்தின் முடிவில் வரும் வினாக்கள் நினைவாற்றலை மட்டுமே சோதிப்பவை; தவிர்த்தாலும் இழப்பில்லை. இத்தொடரைப் பார்க்க விரும்புவோர் வரையறையைச் சொல்லும் பாடத்தை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் பாலைப் பற்றிய பகுதிக்குச் செல்வது நல்லது. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு அந்தப் பகுதி ஒன்றே போதிய பயன் தரும்.