சபைக்கே வந்து நடத்தும் ஒருநாள் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி: எது தேறும், எது தேறாது

கோவையிலிருந்து இயங்கும் சிறிய குழு ஒன்று, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று சபைகளுக்கு நேரில் வந்து இந்தப் பயிற்சியை நடத்துகிறது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடிக்கிறார்கள். கட்டணம் 30 பேருக்கு ரூ.6,000. சாப்பாடும் புரொஜெக்டரும் சபையின் பொறுப்பு. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சண்டே ஸ்கூல் டீச்சர், பாடகர் குழு மாஸ்டர், கமிட்டி உறுப்பினர், வேன் டிரைவர், வாட்ச்மேன் எல்லாரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அதற்கே ஒரு மார்க் போடலாம். டீச்சர்களை மட்டும் அனுப்பிவிட்டுக் கமிட்டி ஒதுங்கிக்கொள்வதுதான் இங்கே வழக்கம்.

முதல் ஒன்றரை மணி நேரம் சட்டம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ, 2012. பதினெட்டு வயது முடியாத யாரும், பையனோ பெண்ணோ, குழந்தைதான். 19ஆம் பிரிவின்படி, விஷயம் தெரிந்தாலும், நடந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதமும் சேரும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன், கவுன்சலிங்கில் கேட்டேன் என்பதற்கு அந்தப் பிரிவில் விலக்கு எழுதவில்லை. இதையெல்லாம் சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் ஸ்லைடை வாசித்துக்கொண்டே போவதால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள்.

சபை ஜனங்களின் உண்மையான பயம் தண்டனை அல்ல, "ஸ்டேஷன் படி ஏறணுமுங்களே" என்பதுதான். அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளைக்கு விருப்பமான இடத்திலோ வாங்க வேண்டும். இயன்றவரை எஸ்.ஐ. தரத்துக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. இந்த ஐந்தையும் கடைசி ஸ்லைடில் ஓட்டிவிட்டார்கள். முதல் ஸ்லைடாக வைக்க வேண்டியவை. குழந்தைகள் உதவி எண் 1098ம் அனைத்து மகளிர் காவல் நிலையமும் போஸ்டரில் இருக்கின்றன. உங்கள் ஏரியா மகளிர் ஸ்டேஷன் எது என்று நீங்களே விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவதுதான் காசுக்குத் தகுந்த பகுதி. பிள்ளை வந்து சொன்னால் என்ன செய்வது என்று நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். டீச்சர் ஒருவர் கேட்டுவிட்டு, "சிறுமி பாலியல் சீண்டலுக்கு உள்ளானதாகக் கூறினார்" என்று நோட்டில் எழுதுகிறார். பயிற்சியாளர் சிவப்பு பேனாவால் அதை அடித்துவிட்டுக் கேட்கிறார்: "கண்ணு உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?" "கீபோர்டு ரூமுல அண்ணன் மடியில உக்கார வெச்சாரு, விட மாட்டேன்னுட்டாரு." "அதையே எழுதுங்க டீச்சர்." பிள்ளையின் வார்த்தை அப்படியே, தேதி, நேரம், அருகில் இருந்தவர் பெயர், கையெழுத்து. அவ்வளவுதான் பதிவு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, "அப்புறம் என்ன பண்ணாரு, இங்க தொட்டாரா?" என்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. பாஸ்டர் ஒரு தடவை, பாஸ்டரம்மா ஒரு தடவை, கமிட்டி ஒரு தடவை என்று திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளையின் வார்த்தைகள் மாறும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த மாற்றத்தைத்தான்.

இங்கேதான் கமிட்டிக்காரர்கள் குறுக்கே விழுகிறார்கள். "முதல்ல நாம விசாரிச்சுப் பார்த்துட்டு..." என்பது ஒன்று. "எலெக்‌ஷன் நேரம், எதிர் கோஷ்டி கிளப்பி விடுறாங்க" என்பது இன்னொன்று. இரண்டாவது வெறும் சாக்கு அல்ல. கோஷ்டி இல்லாத சபை எங்கே இருக்கிறது? பயிற்சியாளரின் பதில் தெளிவு: உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது கமிட்டியின் வேலையே இல்லை. கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் அதற்கு 22ஆம் பிரிவு இருக்கிறது. கமிட்டியின் வேலை மூன்று: அன்றே தகவல் கொடுப்பது, அந்த ஆளைப் பிள்ளைகள் பக்கமிருந்து விலக்கி வைப்பது, பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் பார்ப்பது. வேறு சேகரத்துக்கு, அதாவது வேறு சபை வட்டாரத்துக்கு, மாற்றிவிடுவது இந்த மூன்றில் எதிலும் சேராது. ஜெபக் குறிப்பு என்று வாட்ஸாப்பில் குடும்பத்தின் பெயரைப் போடுவதும் ஆபத்து என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வளாகத்தைச் சுற்றி வருகிறார்கள். இதற்காகவே கூப்பிடலாம். கீபோர்டு அறையின் கதவு பலகைக் கதவா, கண்ணாடி இருக்கிறதா? உள்தாழ்ப்பாள் எதற்கு? கழிப்பறை காம்பவுண்டின் கடைசியில் இருந்தால் சின்னப் பிள்ளையுடன் யார் போகிறார்கள்? வாடகை மாடியில் நடக்கும் சபைகளில் படிக்கட்டுத் திருப்பம் யார் கண்ணிலும் படாது. கேமரா எங்கெங்கே பார்க்கிறது என்று மானிட்டரில் காட்டச் சொல்கிறார்கள். காணிக்கைப் பெட்டிக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று, பைக் ஸ்டாண்டுக்கு ஒன்று. சண்டே ஸ்கூல் ஷெட்டுக்கு எதுவும் இல்லை. பெரும்பாலான இடங்களில் கதை இதுதான். உள்தாழ்ப்பாளைக் கழற்றுவதும், கதவில் ஓரடிக்கு ஓரடி கண்ணாடி போடுவதும் ஒரு ஆசாரிக்கு அரை நாள் வேலை.

வேன் விஷயத்திலும் தேறினவர்கள். பனியன் கம்பெனிப் பெற்றோர் ஞாயிறும் ஷிஃப்டுக்குப் போகும் ஊர்களில் பிள்ளைகள் சீக்கிரமே வந்து, கடைசியில்தான் வீடு போகிறார்கள். டிரைவரோடு தனியாக மிஞ்சும் கடைசிப் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதனால் கடைசி ஸ்டாப்பில் இரண்டு பிள்ளைகளாவது இறங்கும்படி ரூட் போட வேண்டும், இல்லையென்றால் ஒரு அக்கா கடைசிவரை வண்டியில் இருக்க வேண்டும்.

ஆள் கணக்கில் மட்டும் நடைமுறை தெரியாமல் பேசுகிறார்கள். பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி.யின் பரிந்துரையை அப்படியே வைக்கிறார்கள்: 4 முதல் 8 வயதுவரை 6 பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை 8 பேருக்கு ஒருவர். மே மாத விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) இரண்டு வயதுப் பிரிவிலும் அறுபது அறுபது என்று 120 பிள்ளைகள் வந்தால் 18 பெரியவர்கள் வேண்டும். நடுத்தர சபையில் எங்கே போவது? எங்கள் பார்வையில், ஒரு அறையில் ஒருவருக்கொருவர் உறவுக்காரர் அல்லாத இரண்டு பெரியவர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆள் குறைந்தால் இரண்டு வகுப்பைச் சேர்த்து ஹாலில் நடத்தலாம். இன்னொன்றை அவர்கள் சொல்லவே இல்லை: விபிஎஸ் டீச்சர்களில் பாதிப் பேர் பிளஸ் டூ பிள்ளைகள். சட்டப்படி அவர்களும் குழந்தைகள்தான். அவர்களைப் பெரியவர் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

போலீஸ் வெரிஃபிகேஷன் பற்றிய பகுதி சுமார். பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர்களை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன, சரி. ஆனால் இதுவரை யாரும் புகார் கொடுக்காத ஆளுக்குச் சான்றிதழ் சுத்தமாகத்தான் வரும். புதிதாக வந்தவரை ஆறு மாதம் பிள்ளைகள் ஊழியத்தில் சேர்க்காமல் இருப்பதும், முந்தைய சபைக்குப் போன் போட்டு "திரும்பி வந்தா உங்க சண்டே ஸ்கூல்ல விடுவீங்களா?" என்று கேட்பதும் அதைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும். கன்வென்ஷனுக்கு வந்து விசுவாசிகள் வீட்டில் தங்கும் பிரசங்கியாரைப் பற்றியும் பேச்சில்லை.

பிள்ளைகளுக்கு நாற்பது நிமிட வகுப்பு. நல்ல தொடுதல், கெட்ட தொடுதலோடு நிறுத்தாமல், சர்ப்ரைஸ் வேறு ரகசியம் வேறு என்று சொல்லிக்கொடுப்பது நல்ல சங்கதி. தப்பான ஆள் தொடுதலில் தொடங்குவதில்லை. தனியாக முறுக்கு, கேம் விளையாடப் போன், "அம்மாகிட்ட சொல்லாதே" என்றுதான் தொடங்குவான்.

கடைசியில் தரும் மாதிரிக் கொள்கை ஆவணம் 24 பக்கம், வெளிநாட்டு வாசனை. கமிட்டி கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்துவிடும். தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, பொறுப்பாளர்களாக ஆணும் பெண்ணுமாக இருவர் பெயரும் போன் எண்ணும் சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். இருவரும் ஆயர் குடும்பமாக இருக்கக் கூடாது.

பிப்ரவரியிலேயே தேதி வாங்கிவிடுங்கள், விபிஎஸ் நெருக்கத்தில் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கும் மறுவருகைக்கு ரூ.1,500 தனி. பேரம் பேசினால் வளாகச் சுற்றை மட்டும் அந்த விலைக்கே செய்து தருகிறார்கள்.